ஹவ் டு நேம் இட்? (இசைத்தொகுப்பு)

ஹவ் டு நேம் இட்? (1986) இளையராஜா இயற்றிய, திரைப்படம் சாராத கருவியிசைத் தொகுப்பு. தியாகராஜர் (1767–1847), யோஹான் செபாஸ்டியன் பாக் (1685–1750) இருவருக்கும் காணிக்கையாக்கப்பட்டது. தனி வயலினை வி.எஸ். நரசிம்மன் வாசித்தார். இது முறையான சிம்பொனி அல்ல. கர்நாடக இசையையும் மேற்கத்திய செவ்வியல் இசையையும் எதிரெதிரே அமர்த்தி விளையாடும் சிறு பகுதிகளின் வரிசை.

விளையாட்டும் இலக்கணமும்

'எப்படிப் பெயரிடுவது?' என்ற தலைப்பிலேயே குறும்பு தொடங்குகிறது. 'மேட் மாட் மூட் ஃபியூக்', 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' போன்ற பகுதிப் பெயர்களிலும் அது தொடர்கிறது. ஆனால் இசைக்குள் நடப்பது வெறும் வேடிக்கை அல்ல. ஃபியூக் வடிவில் ஒரு குரல் தொடங்கும் கருப்பொருளை அடுத்த குரல் வழக்கமாகப் பஞ்சமத்துக்கு மாற்றி ஏற்கும். பெரும்பாலான ராகங்களில் அப்படி மாற்றினால் அன்னிய ஸ்வரம் நுழைந்துவிடும். மேலும் பல குரல்கள் தனித்தனி வழியில் சேர்ந்து ஒலிப்பது கர்நாடக மரபில் இல்லை. ஸ்வரத்தை அசைக்கும் கமகமோ ஹார்மனிக்கு எளிதில் இணங்காது. இந்தச் சிக்கல்களை அறிந்தே இளையராஜா ஆடுகிறார்.

பாக்கைச் சந்தித்தல்

'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்', பாக்கின் மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசையை எடுத்தாள்கிறது. துணைக்கருவி இன்றித் தனி வயலினுக்கென எழுதப்பட்ட அந்த இசையோடு இளையராஜா தன் நரம்பிசைக் குழுவைப் பேசவிடுகிறார். முழுமை பெற்ற படைப்பில் கைவைக்கலாமா என்று மரபாளர் கேட்கக்கூடும். பாக்கே 1731-ல் இதே முன்னிசையை ஆர்கனுக்கும் இசைக்குழுவுக்கும் மாற்றி, தன் 29-ஆம் கான்டாட்டாவின் தொடக்கமாக 'சின்ஃபோனியா' என்று வைத்தார். மீறல் என்று தோன்றுவதும் மரபின் ஒரு வழியே.

மதிப்பீடு

தொகுப்பின் குறை அதன் சுருக்கம். ராக ஆலாபனையின் நிதானமோ சிம்பொனியின் நீண்ட வளர்ச்சியோ இதில் இல்லை. இரு மரபுகளின் உரையாடல் சூடுபிடிக்கும்போதே பல பகுதிகள் முடிந்துவிடுகின்றன. எனினும் இதைக் 'கலப்பிசை' என்று ஒதுக்குவது பொருந்தாது. ஒரு மரபு மற்றொன்றுக்கு அலங்காரமாக நிற்காமல், இரண்டும் ஒன்றையொன்று கேள்வி கேட்கின்றன. விளையாட்டாகப் பிறந்த இந்த இசை கனத்தையும் தாங்கும். சொந்த வீடு கட்டப் போராடும் பெண்ணின் கதையான 'வீடு' (1988) படத்தில், பாலு மகேந்திரா இத்தொகுப்பின் இசையையே பின்னணியாகப் பயன்படுத்தினார்.