தேவிக்கு எழுதிய வசனம்

எல்லிஸ் துரையைத் தமிழ் அபிமானி என்று அறிவோம். திருக்குறளில் தோய்ந்தவர், சென்னையில் கலெக்டராக இருந்து 1819-ல் மறைந்தவர். அவர் ஒரு புராணக் கதையும் புனைந்திருக்கிறார்.

ஜென்னர் 1796-ல் சோதித்துக் கண்ட அம்மைப்பால் 1802-ல் இந்தியாவுக்கு வந்தது. கையை நீட்டி அம்மை குத்திக்கொள்ள ஜனங்கள் பயந்தார்கள். எல்லிஸ், தேவியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதாக எழுதினார். பசுவின் மூலம் கிடைக்கும் இந்த மருந்து தெய்வம் தந்தது என்பது கதையின் சாரம்.

நோக்கம் நல்லது. குழந்தைகளின் உயிரல்லவா? ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. கதையைக் கதை என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சாத்திரத்தின் வேஷம் போட்டு அனுப்பினால், நாளை வேறொரு மருந்து வரும்போது வேறொரு புராணம் வேண்டியிருக்கும். அதை யார் எழுதுவது?

யூதர்களின் சமயச் சட்டம் இதே சிக்கலை வேறு விதமாக அவிழ்த்தது. பத்தாம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் இருந்த ஷெரீரா என்ற குரு, 'நம் முன்னோர் வைத்தியர்கள் அல்லர். அவர்கள் சொன்ன மருந்துகள் கட்டளைகளும் அல்ல' என்ற கருத்தை எழுதிவைத்தார். மருந்து மாறலாம், உயிரைக் காப்பாற்று என்ற விதி மாறாது. மகா உபவாச நாளிலும் வைத்தியர் சொன்னால் நோயாளிக்கு உணவு கொடுக்க வேண்டும். வைத்தியர் வேண்டாம் என்றாலும், நோயாளியே வேண்டும் என்றால் கொடுக்க வேண்டும். டான்ஸிக் நகரத்து குரு லிப்ஷிட்ஸ், அன்னிய மதத்தவரான ஜென்னரைப் புண்ணியவான்களில் ஒருவராக எண்ணினார்.

அவர்களிலும் சப்பைக்கட்டு கட்டியவர்கள் உண்டு. பழைய வாக்கு பொய்க்கும்போது, 'இயற்கையே மாறிவிட்டது' என்று சொல்லிவிடுவார்கள். எல்லிஸ் செய்ததற்கு அது அண்ணன் முறை.

நம் பக்கத்தைப் பாருங்கள். தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் வீரபாண்டி. அம்மை கண்டால் 'ஆத்தா வந்திருக்கிறாள்' என்று வேப்பிலை கட்டும் ஜனங்கள், சித்திரைத் திருவிழாவில் அங்கே கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறார்கள். இந்தியாவில் பெரியம்மை 1975-ல் ஒழிந்தது. உலகத்திலேயே இல்லை என்று 1980-ல் அறிவித்தார்கள். தீச்சட்டி நிற்கவில்லை. பக்தி வேறு, வைத்தியம் வேறு என்று அந்த ஜனங்கள் எவரிடமும் பாடம் கேட்காமலே நடத்திக் காட்டிவிட்டார்கள்.

எல்லிஸ் தேவியைக் குறைத்து மதிக்கவில்லை. ஜனங்களைத்தான் குறைத்து மதித்துவிட்டார்.