மூப்பரும் மன்றமும்: ஓர் ஆட்சிமுறை குறித்த மதிப்பீடு

'பிரஸ்பிட்டேரியன்' என்னும் சொல், மூத்தோர் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழ் விவிலியம் அதனை 'மூப்பர்' என்று வழங்குகிறது. நரை கண்ட பெரியவர்கள் கூடி ஆளும் முறை என இதனைக் கருதிவிட இடமுண்டு. ஆனால் இம்முறையின் வலிமை மூப்பில் இல்லை. மூப்பரைக் கட்டுப்படுத்தும் மன்றங்களில் உள்ளது என்பதே நம் கருத்து.

ஸ்காட்லாந்தில் 1560க்குப் பின் உருவான இவ்வமைப்பு படிநிலை கொண்டது. சபையார் ஏற்ற மூப்பர்களும் போதகரும் சேர்ந்தது உள்ளூர் மன்றம். அதற்கு மேல் வட்டார மன்றமும், எல்லாவற்றிற்கும் மேலாகப் பொதுப்பேரவையும் உண்டு. கீழ்மன்றத் தீர்ப்பில் குறை கண்டவர் மேல்மன்றத்தை நாடலாம். பொதுப்பேரவைத் தலைவரின் பதவிக்காலம் ஓராண்டே. ஒருவரிடம் அதிகாரம் உறைந்துவிடாமல் காக்கும் ஏற்பாடு இது.

ஆயினும் இதனை முழு மக்களாட்சி எனப் புகழ்வது மிகை. மூப்பர் பதவி பெரும்பாலும் வாழ்நாள் பதவியாகவே இருந்தது. ஸ்காட்லாந்து சபையில் பெண்கள் மூப்பராக 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேலும், 1712ஆம் ஆண்டுச் சட்டம் போதகரை நியமிக்கும் உரிமையை நிலவுடைமைப் புரவலர்களுக்கு அளித்தது. சபையின் விருப்பம் மேலா, புரவலரின் உரிமை மேலா என்னும் வழக்கு முற்றி, 1843இல் ஏறத்தாழ 474 போதகர்கள் வீட்டையும் வருவாயையும் துறந்து வெளியேறி 'சுதந்திரச் சபை' கண்டனர். 1837இல் சென்னைக்கு வந்து, பின்னாளில் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியைத் தொடங்கிய ஜான் ஆண்டர்சனும் அவர்கள் பக்கமே நின்றார்.

நாம் வாழும் அல்லிநகரத்திற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. இப்பகுதியில் பணியாற்றிய அமெரிக்க மதுரை மிஷன், ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆள வேண்டும் என்னும் கொள்கையுடையது. 1908இல் அம்மரபும் மூப்பர் மரபும் தென்னிந்திய ஐக்கிய திருச்சபையில் இணைந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் சேரத் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. இன்று தேனி மாவட்டச் சபைகள் அதன் மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தில் அடங்கும்.

அந்த இணைப்பு ஓர் உடன்படிக்கை. பேராயர் பதவி ஏற்கப்பட்டது. ஆனால் அவர் சேகரக் குழு, திருமண்டலப் பேரவை, சினாடு ஆகிய மன்றங்களோடு இயைந்து ஆள வேண்டும் எனவும் வகுக்கப்பட்டது. ஏட்டில் இது சீரிய சமநிலை. நடைமுறையில் தராசு பேராயர் பக்கம் சாய்ந்தது என்னும் குறை அச்சபையாரிடமிருந்தே எழுந்துள்ளது. பேராயர்களின் ஓய்வு வயதை உயர்த்த 2022இல் கொணர்ந்த திருத்தம், சபைக்குள் தீர்வு காணாது சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. மேல்முறையீட்டுப் படிகள் கட்டிய மரபு, இறுதியில் அரசின் படியேறியது வருந்தத்தக்கது. மன்றங்கள் கூடுவதால் மட்டும் கலந்தாய்வு நிகழ்ந்துவிடாது. கூடுவோர் அஞ்சாது மறுக்கவும் வேண்டும்.

இதனை அயலார் குறையென எண்ணி நாம் அமைதி கொள்ளலாகாது. கலந்தாலோசனையின் பெயரையே தாங்கிய ஓர் அத்தியாயம் நம் வேதத்தில் உண்டு. அப்படியிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கு உள்ளிட்ட நம் ஊர்களின் ஜமாஅத்துகளைப் பார்த்துச் சில வினாக்கள் எழுப்பியாக வேண்டும். நிர்வாகிகளைத் தேர்வோர் யார்? பதவிக்கு எல்லை உண்டா? மஹல்லாவின் தீர்ப்பால் பாதிக்கப்பட்ட ஒரு பெண், அதற்கு மேல் யாரிடம் முறையிடுவார்? வக்ஃபு வாரியமும் நீதிமன்றமும் உள்ளன எனலாம். ஆனால் அவை வெளியிலிருப்பவை. சமுதாயம் தனக்குத்தானே அமைத்துக்கொண்ட மேல்மன்றங்கள் அல்ல.

மூத்தோரை மதிப்பது நம் பண்பு. அம்மதிப்பு கணக்குக் கேட்பதைத் தடுக்குமாயின், அது மூத்தோருக்கும் நன்மையன்று, ஜமாஅத்துக்கும் நன்மையன்று.