'தோறும்' என்னும் சொல்

மீள மீள நிகழ்வதைச் சுட்டத் தமிழில் 'தோறும்' என்னும் சிறு சொல் உண்டு. நாள்தோறும், வெள்ளிதோறும் எனப் பெயரோடும், காணுந்தோறும் என வினையோடும் இணங்கி நிற்கும். அரபியில் 'குல்லு', 'குல்லமா' என இரு சொற்கள் ஆற்றும் பணியை இஃதொன்றே ஆற்றுகிறது. இதற்கு முன்னே 'ஒவ்வொரு' என்பதையும் ஏற்றி, 'ஒவ்வொரு நாள்தோறும்' என்றெழுதுவோர் உளர். போகட்டும், அது நடைக்குற்றமே.

பொருளையே கெடுக்கும் குற்றம் வேறு. ஜக்காத்தைப் பற்றி எழுதுவோர் சிலர் 'ஆண்டுதோறும் கொடுத்தல் கடமை' என்பதோடு நின்றுவிடுகின்றனர். ஃபிக்ஹு நூல்கள் கூறும் 'ஹவ்ல்' பிறையாண்டு. 354 அல்லது 355 நாள்கள் கொண்டது. தமிழ் வாசகருக்கோ ஆண்டென்றால் ஜனவரி அல்லது சித்திரை, வணிகருக்கு ஏப்ரல். 33 கதிராண்டுகள் முடியுமுன் 34 பிறையாண்டுகள் முடிந்துவிடுகின்றன. 'ஆண்டுதோறும்' என்பதை நம்பித் தவறாது கொடுத்துவந்த நல்லவரும் ஓராண்டின் ஜக்காத்தைக் கொடாதவராகிறார். ஏழையின் பங்கு அவர் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. பிழை 'தோறும்' என்பதில் இல்லை; அதற்கு முன்னுள்ள சொல்லில் இருக்கிறது. 'பிறையாண்டுதோறும்' என்றெழுத மேலும் இரண்டெழுத்தே வேண்டும். அடுத்த பதிப்பிலேனும் அதனைச் சேர்ப்பார்களா?