களமும் குற்றமும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். அகப்பாட்டுக்குரிய இவ்விதியைத் துப்பறியும் நவீனத்திற்கும் குற்றத் திரைப்படத்திற்கும் பொருத்திப் பார்ப்பாரை நாம் அதிகம் கண்டதில்லை. கொலை எங்கும் நிகழலாம், கத்தியும் கைரேகையும் எவ்வூரிலும் ஒன்றே என்னும் எண்ணம் காரணமாகலாம்.

1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தைப் பற்றிப் பேசுவோர், அதிற் பாட்டில்லை என்பதையே முதலிற் கூறுவர். நம் கருத்தில் அதனினும் பெரிது அதன் களம். ஆண்டு 1943, சப்பானியர் குண்டுக்கு அஞ்சும் சென்னை. வானொலிப் பொறியாளன் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். (சுட்டவர் யார் என்பதைப் படம் பாராத இளையோர்க்காகச் சொல்லாது விடுகிறோம்.) ஐயத்திற்குரியோர் ஒவ்வொருவரைச் சுற்றியும் ஒரு கதை விரிகிறது. பணம், பொறாமை, காமம் ஆகிய காரணங்கள் எவ்வூருக்கும் பொருந்துவன. இறுதியில் நிலைக்கும் காரணமோ அவ்வாண்டின் அக்கடற்கரை நகருக்கே உரியது. தன் அறிவுக்கு மதிப்புக் கிட்டாத ஒருவன் பகைவனுக்குத் துணைபோவது, குண்டு விழக்கூடிய ஊரிலன்றோ உயிர்ப்பிரச்சினை ஆகும்! படத்தை வேறோர் ஊருக்கு மாற்றினால் கொலைக்குக் காரணமே இராது.

‘புதிய பறவை’யில் (1964) உதகை அழகாக இருக்கிறது, அவ்வளவே. கொடைக்கானலாயினும் குறைவில்லை. சிங்கப்பூர் அப்படியன்று. கடல் கடந்த ஊரில் நிகழ்ந்தது தன்னைத் தொடர்ந்து வாராது என்று நாயகன் நம்புதற்கு அத்தொலைவு வேண்டும். புலம்பெயர்ந்த நமக்கு அந்நம்பிக்கை எளிதில் விளங்கும். சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’விலும் நாட்டுப்பாடல் திரட்ட வந்த நகரத்து இளைஞனைச் சிற்றூரும் ஜமீன் மாளிகையும் அயலானாகவே நோக்குகின்றன, பாதி மர்மம் அந்நோக்கிலேயே பிறக்கிறது.

இவற்றைப் படித்தும் பார்த்தும் வளர்ந்தவர்களே நாம். எனினும் இங்கு வாழும் நம்மவர் எழுதும் மர்மக்கதைகளில் பிணம் மயிலாப்பூர்ச் சந்திலேயே விழுகிறது. எழுதுபவர் அச்சந்தைக் கண்டு இருபது ஆண்டாயிற்று. அவர்தம் பிள்ளைகள் கண்டதேயில்லை. அன்றாடம் காணும் கடக்வாஸ்லா ஏரி மட்டும் எவர் பேனாவிலும் ஏறுவதில்லை.

இவ்வூர் வறண்ட களமா? 1961 ஜூலை 12 அன்று, மேற்புறத்தில் கட்டுமானத்திலிருந்த பான்ஷேத் அணை உடைந்து, அவ்வெள்ளம் கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு புனே நகருட் புகுந்தது. அன்று மறைந்த ஒருவர் வெள்ளத்தாற் போனாரா, பிறர் கையாற் போனாரா? வீட்டுப் பத்திரம் நீரில் அழிந்ததா, நீரின் பெயரால் அழிக்கப்பட்டதா? வேறெவ்வூரும் இவ்வினாக்களை இவ்வாறு எழுப்ப இயலாது. விடை தேடவும் இங்கேயே வழியுண்டு. ஆறுகளையும் அணைகளையும் சிறு மாதிரிகளாகக் கட்டி நீரின் போக்கை ஆராயும் மத்திய நிலையம் இவ்வூரில்தான் இருக்கிறது. பிணம் ஒதுங்கிய இடம் வெள்ளத்தின் போக்குக்கு ஒவ்வாது என்று அங்குள்ள பொறியாளர் ஒருவர் ஐயுற்றாற் போதும், கதை தொடங்கிவிடும். அவர் தமிழராக இருப்பதற்கும் தடையில்லை.