பிரதியின் உடைமை: இலத்திரனியல் ஊடகச் சாதனங்கள் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

1

இலத்திரனியல் ஊடகச் சாதனங்கள் பற்றி நம்மிடையே நிலவும் அபிப்பிராயங்களை இரு பெரும் பிரிவுகளுள் அடக்கலாம். வானொலி, ஒலிநாடா, தொலைக்காட்சி, கணினி, கைத்தொலைபேசி என ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஒவ்வொரு சாதனத்தையும் பண்பாட்டுச் சீரழிவின் புதியதொரு கட்டமாகக் காண்போர் ஒரு சாரார். அறிவையும் கலையையும் சாதாரண மக்களிடம் கொண்டுசேர்க்கும் விமோசனக் கருவிகளாக அவற்றை வரவேற்போர் மறுசாரார். முதற்சாரார் யாவரும் பழைமைவாதிகள் என்று கொள்ளல் தவறாகும். பண்பாட்டுக் கைத்தொழில் பற்றி அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் கூறியவற்றைத் துணைக்கொண்டு அதே முடிவுக்கு வந்த முற்போக்காளரும் உளர். மறுசாராரின் கோட்பாட்டுப் பலமோ பெரிதும் 1964இல் வெளிவந்த மார்ஷல் மக்லூகனின் நூலிலிருந்து பெறப்பட்டதாகும்.

ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரு நிலைப்பாடுகளும் அடிப்படையில் ஒத்தவை. இரண்டும் சாதனத்தைச் சமூக உறவுகளினின்றும் பிரித்தெடுத்து, தானே இயங்கும் ஆற்றல் ஒன்றை அதற்குக் கற்பிக்கின்றன. தொலைக்காட்சி பற்றி 1974இல் எழுதிய நூலில் றேமண்ட் வில்லியம்ஸ் இத்தொழில்நுட்ப நியதிவாதத்தைக் கடுமையாக விமரிசித்தார். ஒரு தொழில்நுட்பம் எச்சமூக நோக்கங்களுக்காகத் தேடப்பட்டது, எவருடைய கட்டுப்பாட்டில் வளர்ந்தது என்பனவே கேட்கப்படவேண்டிய வினாக்கள் என்பதை அந்நூல் உணர்த்திற்று. அவ்வழி நின்று, பிரதி என்னும் ஒரு விடயத்தை மட்டும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. பாடலாயினும் நூலாயினும் திரைப்படமாயினும், அதன் பிரதி இன்று யாருடைய உடைமை? கடந்த அரைநூற்றாண்டில் பிரதி செய்யும் செலவு ஏறத்தாழ இல்லாதொழிந்துவிட்டது. அதே காலத்திற் பிரதிமீது வாசகன் கொண்டிருந்த உடைமையும் படிப்படியாக அற்றுவருகின்றது. இவ்விரண்டும் தற்செயலாக உடன்நிகழ்ந்தவை எனக் கொள்வதற்கில்லை.

2

கலையின் மறுவுற்பத்தி பற்றிப் பேசுவோர் வால்ட்டர் பெஞ்சமினின் புகழ்பெற்ற கட்டுரையிலிருந்து தொடங்குதல் வழக்கம். நாசிகளின் ஆட்சியிலிருந்து வெளியேறிப் பாரிசில் வாழ்ந்த காலத்தில் அவர் எழுதிய அக்கட்டுரை, 1936இற் பிரெஞ்சு மொழியில் முதன்முதலாக வெளிவந்தது. புகைப்படமும் திரைப்படமும் கலைப்படைப்பை அதன் தனித்த இருப்பிடத்தினின்றும் பெயர்த்து, மூலத்தைச் சூழ்ந்திருந்த ஒளிவட்டத்தைக் கலைத்து, அதனைப் பார்வையாளனின் சூழலுக்கே கொண்டுவருகின்றன என்பது அவர் வாதம். சடங்கினின்றும் விடுபடும் கலை அரசியலின் தளத்துக்கு வந்துசேர்கின்றது.

அவரை வெறும் தொழில்நுட்ப நம்பிக்கைவாதியாக வாசிப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். திரைப்பட மூலதனம் நட்சத்திர வழிபாட்டின் மூலம் போலி ஒளிவட்டமொன்றை உண்டாக்குகின்றது என்பதையும், அம்மூலதனம் தலைமை வகிக்குமளவும் திரைப்படத்தின் புரட்சிகரப் பயன் மட்டுப்பட்டதே என்பதையும் அவர் அக்கட்டுரையிலேயே குறிப்பிட்டுள்ளார். எனினும் அவர் ஆய்வில் ஓர் இடைவெளி உண்டு. பிரதிகள் பெருகும் என்பதை அவர் கண்டார். பெருகிய பிரதி, பெற்றவனுக்கே உரியதாகுமா என்பதை அவர் வினாவவில்லை. அன்று அவ்வினா எழ வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நூலையோ இசைத்தட்டையோ விலைகொடுத்து வாங்கியவன் அப்பிரதியின் உடைமையாளன் என்பது முதலாளித்துவச் சட்டமே ஒப்புக்கொண்ட விடயமாகும். ஒரு நூற்பிரதி முதன்முறை விற்கப்பட்டபின் அதன் மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்தும் உரிமை பதிப்புரிமையாளருக்கு இல்லை என ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம் 1908இலேயே தீர்ப்பளித்திருந்தது. பழைய புத்தகக்கடை, இரவல் நூலகம், நண்பர்களுக்கிடையிலான கைமாற்று ஆகியன யாவும் இவ்வுடைமையின் மீதே நிலைபெற்றன. வாசகர் கூட்டம் உருவாவதற்கான பௌதிக அடித்தளங்களுள் இதுவும் ஒன்று என்பது மனங்கொளத்தக்கது.

3

பிலிப்ஸ் நிறுவனம் 1963இற் பேர்லினில் அறிமுகஞ்செய்த கசெற் ஒலிநாடா இவ்வுடைமையை மேலும் ஒரு படி நகர்த்திற்று. இசைத்தட்டை வைத்திருந்தவன் கேட்பவனாக மட்டுமே இருந்தான். கசெற்றை வைத்திருந்தவனோ பதிவுசெய்பவனும் பிரதியெடுப்பவனும் ஆனான். ஈரானில் 1978–79 காலப்பகுதியில், அரசின் கட்டுப்பாட்டிலிருந்த வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் புறம்பாக, நாடுகடந்து வாழ்ந்த கொமெய்னியின் உரைகள் கசெற்றுகளிலேயே வீடுவீடாகப் பரவின. வட இந்தியக் கசெற் பண்பாடு பற்றிப் பீற்றர் மனுவல் 1993இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடயத்தில் மிகுந்த பயனுடையது. ஒரே கம்பனியின் ஏகபோகத்திலும் திரையிசையின் ஆதிக்கத்திலும் கட்டுண்டிருந்த இசைச்சந்தை, 1980களிற் கசெற்றின் வருகையால் உடைந்ததையும், பிரதேச மொழிகளினதும் வழக்குகளினதும் பாடல்கள் சந்தைக்கு வந்ததையும் அவர் விரிவாகக் காட்டுகின்றார்.

அதே ஆய்வு, மதவெறியைத் தூண்டும் உரைகளும் அதே கசெற்றுகளில் அதே வேகத்துடன் பரவியதையும் பதிவுசெய்துள்ளது. சாதனம் தன்னளவில் முற்போக்கானதன்று என்பதற்கு இது போதிய சான்றாகும். சோனி நிறுவனம் 1979இல் வெளியிட்ட வோக்மன் இதன் மற்றொரு பக்கத்தைக் காட்டுகின்றது. கூடிக்கேட்கும் பழக்கத்தினின்றும் கேட்பவனை அது தனிமைப்படுத்தியது. ஆயினும் அத்தனிமையிலும் கசெற் அவனுடையதாகவே இருந்தது.

மூலதனத்தின் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதும் நோக்கற்பாலது. மதவெறிக் கசெற்றுகளோ தனிமையோ இசைக்கம்பனிகளைக் கலவரப்படுத்தவில்லை. வீட்டிற் பதிவுசெய்தல் இசையைக் கொல்கின்றது என்ற பிரசாரத்தையே பிரித்தானிய இசைத்தட்டு நிறுவனங்கள் 1980களின் தொடக்கத்தில் நடத்தின. ஒளிநாடாப் பதிவுக்கருவிக்கு எதிராக ஹொலிவூட் நிறுவனங்கள் தொடுத்த வழக்கு ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றத்தில் 1984ஆம் ஆண்டு ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையாற் றோற்றது. ஒரேயொரு நீதியரசரின் வாக்கினால் வீட்டில் வைத்துப் பதிவுசெய்யும் உரிமை தப்பிப்பிழைத்தது எனலாம்.

4

1982இற் சந்தைக்கு வந்த குறுந்தட்டுடன் எண்ணிமத் தொழில்நுட்பம் வீட்டுச் சாதனங்களுட் புகுந்தது. கசெற்றிற் பிரதிக்குப் பிரதி தரம் குன்றும். எண்ணிமப் பிரதியோ மூலத்தோடு வேறுபாடற்றது. கணினியும் இணையமும் இணைந்தபின், ஒரு பாடலின் ஆயிரமாவது பிரதியை உண்டாக்கும் செலவு கணக்கில் எடுக்கத்தகாத அளவுக்குக் குறைந்தது. 1999இல் தொடங்கப்பெற்ற நப்ஸ்டர் சேவை இதனை உலகறியச் செய்தது. 2001இல் நீதிமன்ற நடவடிக்கைகளின் விளைவாக அது மூடப்பட்டது.

உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி ஒரு கட்டத்தில் நிலவும் உற்பத்தி உறவுகளோடு முரண்படும் என்றும், அவ்வுறவுகள் அவ்வளர்ச்சிக்குத் தளைகளாகும் என்றும் மார்க்ஸ் 1859ஆம் ஆண்டின் புகழ்பெற்ற முன்னுரையிற் கூறினார். இதற்கு இவ்வளவு துலக்கமான உதாரணத்தைப் பண்பாட்டுத் துறையிற் காண்பது அரிது. பண்டம் விலைபெறுவதற்கு அது எல்லோர்க்கும் தாராளமாகக் கிடைக்காதிருத்தல் வேண்டும். இயல்பான அருமை மறைந்தபோது செயற்கையான அருமையை உற்பத்திசெய்ய வேண்டிய தேவை ஏற்பட்டது. எண்ணிமப் பூட்டுகள் இவ்வாறே தோன்றின. அப்பூட்டை உடைப்பதையே சட்டவிரோதமாக்கும் சட்டம் 1998இல் ஐக்கிய அமெரிக்காவில் நிறைவேறியது.

அப்பிள் நிறுவனம் 2003இல் ஆரம்பித்த இணைய இசைக்கடை பூட்டிய பாடல்களையே விற்றது. 2009இல் அப்பூட்டுகள் நீக்கப்பட்டபோது கேட்போர் வெற்றிபெற்றதாகத் தோன்றிற்று. ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே ஸ்பொட்டிஃபை போன்ற சேவைகள் தொடங்கிவிட்டன. இவற்றில் விற்பனை என்பதே இல்லை. மாதக்கட்டணம் செலுத்துமளவும் கேட்கலாம். நிறுத்தினால் எதுவும் எஞ்சாது. பூட்டிய பிரதி போய், கையிற் பிரதியே இல்லாத நிலை வந்தது. பண்டத்தை விற்று இலாபம் பெறும் முறை, நிலவுடைமையாளன் குத்தகை பெறும் முறையை நோக்கி நகர்ந்துள்ளது. வாசகனும் கேட்போனும் இன்று குத்தகைக்காரர்.

5

இம்மாற்றத்தின் உண்மைப் பொருளை 2009 யூலையில் நிகழ்ந்த சம்பவமொன்று வெளிப்படுத்தியது. அமேசன் நிறுவனம் தனது கிண்டில் வாசிப்புக் கருவிகளில் வாடிக்கையாளர் விலைகொடுத்து வாங்கியிருந்த ஜோர்ஜ் ஓர்வெல்லின் இரு நாவல்களின் பிரதிகளைத் தொலைவிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு அதற்கான பதிப்புரிமை இருக்கவில்லை என்பது காரணம். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்பும் கோரினார். அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று '1984' என்பதால் பத்திரிகைகள் அம்முரண்நகையையே பெரிதும் எழுதின. ஆனால் ஓர்வெல்லின் நாவல் நமக்குக் காட்டுவது எதேச்சாதிகார அரசை. இங்கு நூலை அழித்தது கடைக்காரன். அவன் எவரையும் அச்சுறுத்தவில்லை. அச்சு நூலை விற்ற கடைக்காரன் இரவில் வந்து அலுமாரியைத் திறந்து அதை எடுத்துச்செல்ல முடியாது. எண்ணிம நூலின் அலுமாரிக்குத் திறப்பு அவன் கையிலேயே உள்ளது.

இதனை விதிவிலக்கென ஒதுக்குவதற்கில்லை. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2019இல் தனது மின்னூற் கடையை மூடியபோது அங்கு வாங்கப்பட்ட நூல்கள் யாவும் வாசிக்க முடியாதவையாகின. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு, நூல்களிற் குறிப்பெழுதி வைத்திருந்தோருக்கு மேலதிகமாக 25 டொலரையும் அது வழங்கிற்று. வாசகன் ஓரத்தில் எழுதிய குறிப்புக்கு, அதாவது அவனது சொந்த உழைப்புக்கு, இட்ட விலை இது. கிண்டிலில் வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் 2025 பெப்ரவரியில் அமேசன் நீக்கியது. நூலகங்களின் நிலை இதனினும் கவலைக்குரியது. ஹாப்பர் கொலின்ஸ் பதிப்பகம் 2011இல், நூலகங்களுக்கு வழங்கும் மின்னூல் 26 தடவை இரவல் கொடுக்கப்பட்டதும் காலாவதியாகும் என்று விதித்தது. கடதாசி நூல் உழைத்துத் தேய்கின்றது. தேயாத நூலுக்குச் செயற்கையாக மரணம் விதிக்கப்பட்டது.

மொழியைக் கற்போர் கவனிக்கவேண்டிய ஒன்றும் இங்குண்டு. 2025 தொடக்கம் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டமொன்று, எண்ணிமப் பண்டங்களை 'வாங்குக' எனக் கூறி விற்போர், நுகர்வோன் பெறுவது அனுமதி மட்டுமே என்பதைத் தெளிவாக அறிவிக்கவேண்டும் என விதித்தது. உடைமை மாறாத இடத்தில் 'வாங்குதல்' என்ற சொல் நீண்டகாலம் வழங்கிவந்தது. கருத்தியல் சொல்லுக்குள் எவ்வாறு குடிகொள்கின்றது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

6

இதற்கு எதிராக இரு நியாயங்கள் கூறப்படுவதுண்டு. சிறு கட்டணத்துக்கு உலகின் இசை முழுவதும் கிடைக்கும்போது உடைமை எதற்கு என்பது ஒன்று. வறிய மாணவன் ஒருவன் முன்பு கனவிலும் எண்ணியிராத வளம் இன்று அவன் கைத்தொலைபேசியில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எது கிடைக்கும், எவ்வளவு காலம் கிடைக்கும், எவ்விலைக்குக் கிடைக்கும் என்பவற்றை முடிவுசெய்வோர் வேறொருவராயின், அவ்வளம் எந்நேரமும் மீளப்பெறப்படக்கூடிய சலுகையேயாகும். படைப்பாளியின் உழைப்புக்குக் கூலி வேண்டாமா என்பது மற்றது. இது நேர்மையான வினா. அனுமதியற்ற பிரதியெடுப்பைப் புரட்சி எனப் போற்றுவோர் இதற்கு விடை கூறியாகவேண்டும். ஆயின் குத்தகைமுறை அவ்வுழைப்பைக் காக்கின்றதா? முந்திய பன்னிரண்டு மாதங்களில் 1,000 தடவையேனும் கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகை இல்லை என்ற விதியை ஸ்பொட்டிஃபை 2024இல் நடைமுறைப்படுத்தியது. சிறுமொழிகளினதும் சிறு குழுக்களினதும் கலைஞர்களே இதனால் முதலிற் பாதிக்கப்படுவர் என்பது வெளிப்படை.

7

ஈழத்தமிழ் வாசகருக்கு இவ்விடயம் வெறும் கோட்பாட்டுப் பிரச்சினையன்று. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. ஒரே இடத்தில், ஒரே கூரையின் கீழ் இருந்த சேகரிப்பின் கதி அது. 1990களிற் பொருளாதாரத் தடையின் கீழ், மின்சாரமும் மின்கலங்களும் இன்றி, துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அனுபவமும் அம்மக்களுக்கு உண்டு. சாதனம் அவர்கள் கையில் இருந்தமையாலேயே அது சாத்தியமாயிற்று. தொலைவிலுள்ள கம்பனியின் அனுமதியை நொடிக்கு நொடி வேண்டிநிற்கும் சாதனத்தை எந்த டைனமோவும் இயக்காது.

இவ்வனுபவத்தின் பின்னணியிலேயே தமிழ் எண்ணிம முயற்சிகளை மதிப்பிடவேண்டும். 1998இல் தொடங்கப்பெற்ற மதுரைத்திட்டம், தன்னார்வலர் தட்டெழுதிய தமிழ் நூல்களை, முகப்புக் குறிப்பை நீக்காது எவரும் எவர்க்கும் வழங்கலாம் என்ற ஒரேயொரு நிபந்தனையுடன் வெளியிட்டது. 2005இல் ஆரம்பிக்கப்பட்ட நூலகம் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பல்கலைக்கழகத் தமிழ்ச்சங்க மலர்களையும் எண்ணிமப்படுத்தி, வாசகர் இறக்கித் தம்மிடமே வைத்துக்கொள்ளத்தக்கதாகத் தந்துள்ளது. கிண்டிலும் நூலகமும் பயன்படுத்துவது ஒரே தொழில்நுட்பத்தையே. ஒன்றிற் பிரதி கடைக்காரனிடம் தங்குகின்றது. மற்றதில் அது வாசகரிடையே பெருகுகின்றது. வேறுபாடு கருவியில் இல்லை, உடைமை உறவில் உள்ளது. 1981இன் பாடம் நூல்களைக் கணினியில் ஏற்றவேண்டும் என்பதோடு முடிவதில்லை. ஒரு கையில் குவிந்த பிரதியை ஒரே இரவில் அழிக்கலாம். பல கைகளிற் பரந்ததை அவ்வாறு அழித்தல் அரிது.

இத்தகைய முயற்சிகளை இலட்சியப்படுத்துவதும் ஆபத்தானது. அவை நன்கொடையிலும் தன்னார்வ உழைப்பிலும் தங்கியுள்ளன. உழைப்பு வற்றும்போது சேகரிப்பும் நலியும். இவ்விடத்திலேயே பல்கலைக்கழகங்களின் கடமை தொடங்குகின்றது. நம் நூலகங்கள் சந்தா செலுத்திப் பெறும் தரவுத்தளங்களைத் தம் சேகரிப்பு எனக் கணக்கிடலாகாது. சந்தா நின்றதும் அவை நின்றுவிடும். நம் ஆய்வேடுகளையும் சஞ்சிகைகளையும் எவரும் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளத்தக்க வடிவில் வெளியிடுவதும், அவற்றின் பிரதிகளைப் பல நிறுவனங்களில் வைப்பிலிடுவதும் நம் சக்திக்கு உட்பட்ட செயல்களே. புதிய சாதனம் ஒன்று வரும்போது அது நல்லதா தீயதா என விவாதிப்பதற்கு முன், அதிற் சேரும் பிரதி யாருடையது என்று நாம் கேட்கப் பழகுதல் வேண்டும்.