கீழக்கரைக் கல் பள்ளிவாசல்: எப்படி ரசிப்பது?

கோவில்பத்து, காரைக்கால் பக்கத்து மக்களுக்கு நாகூர் தர்காவின் மினாராக்கள் பழகிய காட்சி. அவற்றில் உயரமானது 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. அண்ணாந்து பார்த்தே பழகிய கண்ணுக்குக் கீழக்கரை ஜும்மா பள்ளி உடனே பிடிபடாது. அதன் அழகு முழுவதும் தூண்களில் இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதைக் கட்டியவர் வள்ளல் சீதக்காதி. ஷெய்கு அப்துல் காதிர் என்பது இயற்பெயர். கடல் வணிகர், ராமநாதபுர மன்னர் கிழவன் சேதுபதிக்கு நெருங்கியவர். பள்ளி வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார்.

ராமநாதபுரத்திலிருந்து போகும் வழியில் திருப்புல்லாணிக் கோயிலில் இறங்கி, ஒரு தூணைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். சதுரம், பட்டை, மீண்டும் சதுரம். உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை. பிறகு கீழக்கரைக்கு வந்து பள்ளித் தூண் ஒன்றின் முன் நில்லுங்கள். அதே அடுக்கு, அதே போதிகை. ஆனால், கோயில் தூணில் தெய்வமும் யாளியும் நிற்கும் சதுர முகப்பில், இங்கே பூவும் கொடியும் கோலம்போலப் பின்னிய கோடுகளும் இருக்கின்றன. உருவம் கூடாது என்ற நெறிக்குள் நின்று, கல்தச்சர் தன் கைத்திறனை முழுதாகக் காட்டியிருக்கிறார்.

அடுத்து, இடத்தைக் கவனியுங்கள். கோயிலில் மண்டபங்களைக் கடந்து கருவறையை நோக்கிப் போகிறோம். பள்ளியில் கருவறை கிடையாது. தொழுகை வரிசைகள் தோளோடு தோள் நிற்கத் தோதாகத் தூண்களுக்கு இடையே தளம் விரிகிறது. மேற்குச் சுவரின் மிஹ்ராப் மாடம் மக்காவின் திசையைக் காட்டுகிறது.

இதே சீதக்காதிதான் நபிகள் நாயகத்தின் வரலாற்றுக் காவியமான சீறாப்புராணத்தைப் பாட உமறுப் புலவரைத் தூண்டியவர். அரபு நாட்டை வர்ணிக்கவும் உமறு தமிழ்க் காப்பிய மரபின் நாட்டுப் படலத்தையே எடுத்துக்கொண்டார். அந்தக் காவியம் சொல்லில் செய்ததை இந்தப் பள்ளி கல்லில் செய்திருக்கிறது.

தொழுகை நேரத்தையும் வெள்ளிக்கிழமை நண்பகலையும் தவிர்த்து, ஜமாஅத்தாரிடம் அனுமதி கேட்டுப் போங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது செதுக்கல்கள் துலங்கும்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் பழைய கல் தூணோ கல்வெட்டோ இருந்தால், புதுப்பிக்கும்போது அதன்மேல் பெயின்ட் பூசவோ டைல்ஸ் ஒட்டவோ விடாதீர்கள். வேலை தொடங்கும் முன் படமெடுத்து வையுங்கள். தொல்லியல் அறிந்தவரை அழைத்துக் காட்டுங்கள்.