தாகூரின் கிளி

பிள்ளைகளைப் பள்ளியினின்றும் நிறுத்தி வீட்டிலேயே கற்பிக்க எண்ணும் பெற்றோர் சிலர், தாகூரின் 'தோத்தா காஹினி'யைத் துணைக்கு அழைக்கின்றனர். 1918-இல் வெளிவந்த அக்கதையில், பொற்கூண்டில் அடைபட்ட கிளியின் வாயில் ஏடுகளைத் திணித்தே அதனைக் கொன்றுவிடுகின்றனர். கூண்டு செய்த தட்டானுக்கும், மேற்பார்த்த அரசனின் மருமக்களுக்கும் ஆதாயம், கிளியைக் கேட்பாரில்லை. நம் தேர்வுமுறைக்கு இதனினும் கூரிய கண்டனம் உண்டோ? ஆசிரியராகிய நாமும் ஏடு திணித்தவர்களே.

ஆயினும் கதை சாடுவது கூண்டை. பள்ளிக்கூடம் என்னும் அமைப்பை அன்று. தாம் வீட்டில் கற்ற கதையைத் தாகூரே எழுதிவைத்துள்ளார்: விடியுமுன் மல்யுத்தம், பின்னர் எலும்புகளைப் பற்றிய பாடம், கணக்கு, இரவில் உறக்கம் சொக்கும் கண்களோடு ஆங்கிலம். ஜோராசாங்கோ மாளிகையும் கூண்டாகத்தான் இருந்தது! அதனின்றும் மீண்டவர் 1901-இல் சாந்திநிகேதனில் தொடங்கியதோ ஒரு பள்ளிக்கூடம். முதல் மாணாக்கர் ஐவருள் ஒருவர் அவர்தம் மகன்.

கதையில் ஒரு குறையும் உண்டு. அக்கிளி முன்னர் பழம் தின்று பாடித் திரிந்தது. நம் கற்பிட்டிக் கரையிலோ தந்தை கடலில், தாய் கருவாடு காயும் மணலில். பள்ளியினின்றும் விடுபடும் சிறுவனுக்குக் காத்திருப்பது காடன்று, படகு. அவனுக்கு வீட்டில் கற்பிப்போர் யார்?

1990-இல் வடக்கினின்றும் விரட்டப்பட்டுப் புத்தளம் வந்த முஸ்லிம் மக்கள், கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்தபோதும் பிள்ளைகளுக்குப் பள்ளியே வேண்டினர். காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள் எழுந்துசென்ற அதே வாங்குகளில், மாலையில் அவர்தம் பிள்ளைகள் அமர்ந்தனர்.